கயிறு கொடுத்தவன் நான்

அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும், ஊர்க்காரர்களுக்கும், அண்ணனோடு கடலுக்குப் போனவர்களுக்கும் வணக்கம். நான் அவருடைய ஒரே தம்பி. ஐந்தாவது வரைதான் படித்திருக்கிறேன். எழுத்துப் பிழைகளை அண்ணன் மகள் திருத்திக் கொடுத்தாள். விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லித்தான் தாளைக் கொடுத்தேன்.

அண்ணன் திருவொற்றியூர்க் குப்பத்தில் பிறந்தவர். அவர் பிறந்த வீடு இப்போது இல்லை. கடல் கொண்டுபோன இடத்தில் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். எங்கள் நைனா கட்டுமரத்தில் போய்த் திரும்பாமல் போனபோது அண்ணனுக்குப் பதினாறு வயது. அன்றிலிருந்து வீட்டில் அடுப்பு எரிந்தது அவரால்தான். காசிமேட்டில் விசைப்படகில் வேலை செய்தார். பிறகு எண்ணூர்ப் பக்கம் அனல் மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணீரில் இறால் பிடித்தார். கப்பல் எண்ணெய் கடலில் கொட்டி வலையெல்லாம் பிசுபிசுத்த வருடத்தில் கையாலேயே எண்ணெய் அள்ளினார். அந்தச் சொறி அவர் கையில் கடைசி வரை இருந்தது. யாரிடமும் சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை.

கடலோரப் போலீசார் ஊரில் கண்காணிப்புக் குழு அமைத்தபோது அண்ணனைத் தலைவராகப் போட்டார்கள். மஞ்சள் மேல்சட்டை, விசில், அடையாள அட்டை கொடுத்தார்கள். பாறை மேல் உட்கார்ந்து, வரும் படகையெல்லாம் பார்ப்பார். இஞ்சின் சத்தத்தை வைத்தே யார் படகு என்று சொல்லிவிடுவார். துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கப்பல்களிடம் தெரியாத படகு போனாலும் அவர் கண்ணில் படும். ஒவ்வொரு படகுக்கும் ஒரு சிவப்புத் துணி கொடுத்தார். தெரியாத ஆள் யாரையாவது கூட்டி வந்தால் அதைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவர் பார்த்துக் கை காட்டிய பிறகுதான் கரைக்கு வர வேண்டும்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கடலில் இஞ்சின் நின்றுபோனவனுக்கு முதலில் கயிறு. யார், எந்த ஊர் என்று கேட்பது அசிங்கம். அண்ணன் குழுக் கூட்டத்தில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"கயிறு குடுக்காதன்னு சொல்லல. கயித்தக் கையில வெச்சிக்கினே கேளுங்க. ஊரு இன்னா, ஓனரு யாருன்னு கேளுங்க. கேக்குறது மரியாதக் கொறவு இல்லபா."

நான் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பாதுகாப்பு ஒத்திகைக்காக, தீவிரவாதிகள் மாதிரி வேஷம் போட்ட போலீசார் கடல் வழியாக வந்து, நம் மீன் ஏலக்கூடத்தில் 'வெடிகுண்டு' என்று எழுதிய பெட்டியை வைத்துவிட்டுப் போன நாள். அவர்கள் படகை இழுத்து வந்தது நான்தான் என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரியாததை இப்போது எழுதுகிறேன்.

அன்று என் கூட்டாளிக்குக் காய்ச்சல். தனியாக நண்டு வலை எடுத்துக்கொண்டு திரும்பினேன். காலை எட்டு மணி இருக்கும். ஒரு ஃபைபர் படகு ஆடிக்கொண்டு நின்றது. மூன்று பேர். ஒருவர் கை காட்டினார்.

"அண்ணே, இஞ்சின் ஆஃப் ஆயிடுச்சு. கொஞ்சம் இழுத்து வுடுறீங்களா?"

கிட்டப் போனேன். அவர்கள் வலை காய்ந்திருந்தது. ஒரு மீன் செதில் கூட இல்லை. அவர்கள் பாதத்தில் செருப்பு வார் தடம் வெள்ளையாகத் தெரிந்தது. நம் ஆட்கள் பாதம் அப்படி இருக்காது. இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. கேள்வி வாய் வரை வந்தது. முன்பின் தெரியாத ஆளிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருந்தது. கயிற்றை வீசினேன்.

சிவப்புத் துணியையும் காட்டவில்லை. அந்தத் துணியால் நான் இஞ்சின் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கரையில் அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அண்ணன் பாறையிலிருந்து ஓடி வந்தார்.

"யார்டா அவங்க?"

"தெர்லண்ணா."

"துணி எங்க?"

எண்ணெயில் கறுத்துப்போன துணியை எடுத்துக் காட்டினேன். அண்ணன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஏலக்கூடத்துக்கு ஓடினார். அதற்குள் பெட்டியை வைத்துவிட்டார்கள்.

ஊர்க் கூட்டத்தில் கடலோரப் போலீஸ் அதிகாரி கேட்டார். "இழுத்துட்டு வந்தவர் யாரு? சிக்னல் குடுத்தாரா, இல்லையா?"

நான் எழுந்து நின்றேன். அண்ணன் முன்னால் வந்தார்.

"அவன் துணி காட்டுனான் சார். பக்கத்து ஊரு படகுன்னு நெனச்சி நாந்தான் வான்னு கைய ஆட்டுனேன். என் தப்பு."

அது பொய். அண்ணன் சொல்லி நான் கேட்ட ஒரே பொய். நான் துணி காட்டவே இல்லை. அவர் கை ஆட்டவும் இல்லை. ஊரே உட்கார்ந்திருந்தது. நான் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டேன். சட்டையையும் விசிலையும் அட்டையையும் அண்ணன் மேஜை மேல் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"ஒனுக்கு நாலு பேரு முன்னாடி பேச வராதுடா. எனக்கு வரும். வுடு, சோறு துன்னு."

அதன் பிறகு அண்ணன் தெருவில் போனால் கிண்டல்தான். "இன்னா தலைவரே, இன்னிக்கு யாருக்கு மாலை போட்டு இட்டாரப் போற?" என்பார்கள். "நீ வாயேன், ஒனுக்கே போட்றேன்" என்று அண்ணனும் சிரிப்பார். நான் பக்கத்தில் தலை குனிந்து வலை பின்னிக்கொண்டிருப்பேன். சட்டை போன பிறகும் தினமும் பாறையில் போய் உட்கார்ந்தார். சந்தேகமான படகைப் பார்த்தால் புதுத் தலைவரிடம் சொல்லி அனுப்புவார்.

மூச்சு முட்டி அரசு ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரத்தில் அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"இப்பல்லாம் கேக்குறியாடா?"

"கேக்குறேண்ணா."

"ம்" என்றார்.

ஊரில் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அண்ணனை எடுத்துக்கொண்டு போன அன்று, எனக்குப் பின்னால் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. "தங்கமான மனுசன்பா. அந்த ஒரு தப்ப மட்டும் பண்ணாம இருந்தா." அவர் நல்லவர், பாசத்தில்தான் சொன்னார். அப்போதும் நான் திரும்பவில்லை. ஒரு வருடமாகத் தூங்க முடியாமல் இருப்பது அதனால்தான்.

அண்ணன் மகள் இந்தத் தாளைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு, "அப்பா எங்ககிட்ட கூட சொல்லலியே சித்தப்பா" என்றாள். அண்ணியிடம் அவளே படித்துக் காட்டினாள். அண்ணி உள்ளே போய் எனக்கு டீ போட்டு வந்து வைத்தார். அதை நான் குடித்தது எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டிய நண்பருக்கும், ஐஸ் பெட்டி கொண்டுவந்த தம்பிகளுக்கும், அண்ணனைத் தோளில் சுமந்தவர்களுக்கும், அன்று கடலுக்குப் போகாமல் படகுகளைக் கரையில் நிறுத்திய ஊருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. குழுவின் நோட்டில் அந்த நாள் பக்கத்தில், தப்பு செய்தவர் என்று அண்ணன் பெயர் இருக்கிறது. அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதும்படி குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

வருடப் படையலுக்கு எல்லோரும் வாருங்கள். சோறு பரிமாறுவது நான்தான். ஒவ்வொரு இலைக்கும் வருவேன். என்னிடம் கேட்க வேண்டியதை அங்கேயே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.