கப்பலிலிருந்து இறங்கியவளின் கணவன் பெயர்

தென்னாப்பிரிக்காவில் உள்ள நெட்டாலிலிருந்து வந்த கப்பலை விட்டுச் சென்னைக் கரையில் இறங்கிய என் அப்பாவின் அம்மாவிடம், "உன் புருஷன் பேர் என்ன?" என்று கேட்டபோது அவள் என்ன செய்திருப்பாள்? வாயைத் திறந்தாளா, தலையைக் குனிந்துகொண்டாளா, பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாளா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கரை தானாகவே என் முன்னால் வந்துவிடுகிறது. ஈர மணல், அலையில் ஏறி இறங்கும் மசூலாப் படகு, கம்பளியைப் போர்த்திய ஒரு பெண், அவள் இடுப்பில் ஒரு பையன். எல்லாம் தெரிகிறது. அவள் உதடுகள் மட்டும் தெரிவதில்லை.

அந்தப் பையன்தான் என் அப்பா. கொரட்டூர் ஏரிக்குக் கீழே பயிர் வைத்திருக்கிறார். கடலுக்கு அப்பால் கரும்புத் தோட்டத்தில் பிறந்தவர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஏரிச் சேற்றிலேயே முளைத்தவர் மாதிரி இருப்பார். அவருடைய அப்பா நெட்டாலிலேயே இறந்துபோனார். அம்மா மட்டும் பையனைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினாள். ஊர் திரும்பி, கொரட்டூரில் நாற்று நடுகிற வேலைக்கு வந்தாள். அடுத்த மழைக்குள் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் வேலை செய்த வீட்டார்தான் அப்பாவை வளர்த்தார்கள். அவளோடு நடவு நட்டவர்களுக்கு அவள் பெயர் தெரிந்திருந்ததால் அது அப்பாவுக்குக் கிடைத்தது. தகப்பனார் பெயர் கிடைக்கவில்லை. அவள் எப்போதும் "ஒங்க நைனா" என்றுதான் சொல்வாளாம்.

வருஷா வருஷம் மகாளய அமாவாசையன்று ஏரிக்கரையில் ஊர் ஆண்கள் எள்ளும் தண்ணீரும் விடுவார்கள். புரோகிதர் ஒவ்வொருவரிடமும் தகப்பனார் பெயரைக் கேட்டுக்கொண்டே வருவார். அப்பாவின் முறை வரும்போது கேட்கவே மாட்டார். பெயர் தெரியாதவர்களுக்கென்று இருக்கிற மந்திரத்தைச் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். அப்பா ஈரக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு தடவை, "மேல் விலாசம் இல்லாம தபால் போட்டுகினு கீறேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அப்போது சின்னப் பெண். ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கல்யாணமாகி அம்பத்தூருக்கு வந்த பிறகு ஒருநாள் இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் ரயில்வே சரக்கு ஆபீஸில் குமாஸ்தா. கப்பலில் வந்து இறங்கியவர்களை எல்லாம் எழுதி வைத்த புத்தகங்கள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் இருக்கின்றன என்றார். அப்பாவிடம் எந்த வருஷம் வந்தீர்கள் என்று கேட்டால், "ஏரிக்கரை ஒடஞ்ச வருஷம், ஐப்பசி மழை" என்றார். அது போதுமாக இருந்தது. கரை உடைந்த வருஷம் எது என்று கிராம அதிகாரிக்குத் தெரிந்திருந்தது.

குழந்தைக்கு அப்போது தலை நின்று கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கடல் காற்று ஒத்துக்கொள்ளுமா, ரயில் புகை நெஞ்சில் கட்டுமா என்று கிளம்பும்வரை எனக்கு ஒரே கவலை. விட்டுவிட்டும் போக முடியாது. துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். ரயில் ஆடிய ஆட்டத்தில் அவன் தூங்கிவிட்டான். எனக்கும் கண் சொருகியது. வில்லிவாக்கம் வயல்களில் நின்ற தண்ணீர் முழுக்க வெளிச்சமாக இருந்தது. நான் கப்பலில் இருப்பது போலவும், மடியில் கிடப்பது அப்பா போலவும் ஒரு மயக்கம்.

அலுவலக வாசலில் இருந்த சேவகர் எங்களைப் பார்த்ததும், "இன்னாமா, கொயந்தைக்கு இப்பவே நெட்டாலுக்கு டிக்கிட்டு வாங்க வந்துகீறியா?" என்றார். உள்ளே இருந்த எழுத்தர் சிரிக்காமல் நாற்காலியைக் காட்டினார். என் கணவர் குழந்தையை வாங்கிக்கொண்டு, "நீதான் இங்கிலீஷ் படிச்சவளாச்சே, நீயே பாரு" என்றார்.

பார்த்தேன். மங்கிய மையில் வரி வரியாக மனிதர்கள். பெயர், வயது, உயரம், உடம்பில் உள்ள அடையாளம். பெண்ணாக இருந்தால் கணவன் பெயர். புருவத்தில் தழும்பு, கழுத்தில் மச்சம், சுண்டுவிரல் இல்லை. படிக்கப் படிக்க அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பது போல இருந்தது. மத்தியானத்துக்கு மேல் அவள் வந்தாள். அப்பா சொன்ன அதே பெயர். இடது முழங்கையில் தீக்காயம், அதையும் அப்பா சொல்லியிருந்தார். கூடவே ஓர் ஆண் குழந்தை. எதிரே கணவன் பெயர், தெளிவாக, அழகான கையெழுத்தில்.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீரிட்டு அழுதான். பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு எழுந்துவிட்டேன். மேல் வரியையும் கீழ் வரியையும் நான் கடைசிக் கட்டம்வரை படிக்கவே இல்லை.

அந்த வருஷம் அமாவாசைக்கு நானும் கொரட்டூர் போயிருந்தேன். ராத்திரி மழை பெய்திருந்ததால் காலைப் பனி ஏரியை விட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை. கரையில் நின்றவர்களுக்குக் கால்களே இல்லாதது போல இருந்தது. புரோகிதர் அப்பாவைத் தாண்டிப் போகப் பார்த்தார். "சாமி, என்னியும் கேளுங்க" என்றார் அப்பா. அவர் கேட்டார். அப்பா அந்தப் பெயரைச் சொன்னார். கரை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பிறகு தண்ணீரில் இறங்கி இடுப்பளவில் நின்றுகொண்டு வெகுநேரம் ஏறவில்லை.

அதற்கப்புறம் அவர் நடையே மாறிவிட்டது. சந்தைக்குப் போனாலும் இன்னார் மகன் என்று தானாகவே சொல்லிக்கொள்கிறார். என் பிள்ளையைத் தூக்கி, "இன்னா நைனா, நெட்டால்லேருந்து எப்போ வந்தே?" என்று அந்தப் பெயராலேயே கூப்பிடுகிறார். அடுத்த மாதம் காதுகுத்து. மொட்டையடித்து, தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, அந்தப் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட வேண்டும் என்கிறார். என் கணவரும் சரி என்றுவிட்டார்.

இப்படி எல்லாம் நல்லபடியாக இருக்கும்போதுதான் எங்கள் தெருவுக்கு அம்மை குத்துகிறவர் வந்தார். வேப்பமரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் அப்பா பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதினார். வரிசையில் முதலில் நான்தான். கேட்டதும் எனக்கு நாக்கு எழவில்லை. எத்தனை படித்திருந்தால் என்ன, கணவர் பெயரை நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் அவர் ஆயுசுக்கு ஆகாது என்பதை நான் நம்புகிறேனா என்று கேட்டால், நம்பவில்லை. ஆனாலும் சொல்ல வரவில்லை.

பின்னால் நின்ற அடுத்த வீட்டு அக்கா என்னை இடித்தாள். "எயுதத் தெரிஞ்சவதானே, எயுதிக் காட்டேன்!"

பென்சிலை வாங்கி எழுதிக் கொடுத்தேன். அடுத்து அந்த அக்காவைக் கேட்டார். "யோவ், எனுக்கு எயுதவும் தெரியாது, சொல்லவும் மாட்டேன். அவளெக் கேளு" என்று தனக்குப் பின்னால் இருந்தவளைக் காட்டினாள். அவளோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "தோ பாரு, வெயில் ஏறிகினு போவுது" என்றபடி அவர் ஏதோ எழுதிவிட்டு ஊசியை எடுத்தார். எட்டிப் பார்த்தேன். என் கணவர் பெயரையே எழுதியிருந்தார். அதற்கடுத்த பிள்ளைக்கும் அதையே.

"ஐயா, அது எங்க வீட்டுக்காரர் பேராச்சே!" என்றேன்.

"இருக்கட்டுமே. அம்மை இன்னா அப்பன் பேரு பாத்தா வருது?" என்றார்.

மரத்தடி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, பனியில் நின்ற அந்த ஏரிக்கரையும், அதற்கும் பின்னால் அந்த மணல் கரையும், அங்கே வரிசையில் நின்ற பெண்களும் கண்ணுக்குள் வந்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டு என் கணவர், "ஒரே நாள்ல மூணு பிள்ளைக்கு அப்பனாயிட்டேனா!" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அடுத்த லீவு நாளில் மறுபடியும் துறைமுகத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்.

அதே பக்கத்தைத் திறந்தேன். கணவன் துணையில்லாமல் வந்த பெண்கள் அதில் அடுத்தடுத்து இருந்தார்கள். வெவ்வேறு ஊர், வெவ்வேறு ஜாதி. எல்லாருக்கும் எதிரே ஒரே கணவன் பெயர். அப்பா ஏரியில் நின்று சொன்ன பெயர். வாய் திறக்காதவர்களுக்காக யாரோ ஒருவர் முன்னால் நின்று சொல்லியிருக்கலாம். அது அவருடைய சொந்தப் பெயராகவே இருக்கலாம். அந்தப் பெண்களில் யாராவது ஒருத்தியின் கணவன் பெயராகவும் இருக்கலாம். அந்த ஒருத்தி எங்களுடையவளாகவே இருந்தால்? அப்படி இருக்கவே முடியாது என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. இருக்கும் என்று சொல்லவும் இல்லை.

"யாருக்கோ ஒருத்தருக்குத் தண்ணி போகுது, விட்டுடேன்" என்கிறார் என் கணவர். அவருக்கு அது சுலபம். போன வாரம் அப்பா வந்திருந்தார். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அந்தப் பெயரை முணுமுணுத்தபடியே அவரும் தூங்கிப்போனார். சொல்லிவிடலாம் என்று வாசல்வரை வந்தவள் விசிறியை எடுத்து இரண்டு பேருக்கும் விசிறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சொன்னால் அவருக்கு மறுபடியும் பெயரில்லாத தகப்பன்தான். சொல்லாவிட்டால் யாரோ ஒருவருடைய பெயரை என் பிள்ளை ஆயுசுக்கும் சுமப்பான், அதுவும் நான் தெரிந்தே வைத்ததாக இருக்கும். காதுகுத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது. இதைப் படிக்கும் சகோதரிகளில் வயதான தகப்பனார் உள்ளவர்கள் இருப்பீர்கள். நீங்களாக இருந்தால் அவரிடம் சொல்வீர்களா? சொல்வதானால், காதுகுத்துக்கு முன்னால் சொல்வீர்களா, பின்னாலா? தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.