தகரம் போட்ட இருட்டு

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் சேலையூரில் சொந்தமாகச் செங்கல் சூளை போட்டேன், லாரி வாங்கினேன், கிழக்குத் தாம்பரத்தில் பாதி வீடுகளுக்குக் கல் கொடுத்தேன். ஒருத்தரும் கை கொடுக்கவில்லை.

எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு சண்டை. விமானத் தளம் பக்கத்தில் இருந்ததால், பொழுது சாய்ந்ததும் ஊரே விளக்கணைக்க வேண்டும் என்று உத்தரவு. அதைக் கண்காணிக்க வந்த வார்டன் பகலில் வாத்தியார். ஒல்லி உடம்பு, தலைக்குப் பெரிதான இரும்புத் தொப்பி. பேசுமுன் ஒரு தடவை வானத்தைப் பார்ப்பார்.

"அண்ணா, சூளையை அணைச்சிடுங்க. மேலேர்ந்து பார்த்தா திருவிழா மாதிரி தெரியும்."

"இன்னா சார், காபி போடற அடுப்பா இது? பாதியில அணைச்சா அத்தனை கல்லும் வெடிச்சிடும். நான் தெருவுலதான் நிக்கணும்."

"என் பிள்ளைங்க தளத்தை ஒட்டித்தான் இருக்காங்க அண்ணா."

அன்றைக்கே ஆட்களைக் கூப்பிட்டேன். கம்பு நட்டுச் சூளைக்கு மேல் தகரம் போட்டேன், நெருப்பு வாய்களுக்கு எதிரே மண்சுவர் எழுப்பினேன். யோசனை என்னுடையது. ஏற்பாடு இதுதான்: எதிர்க் கரட்டு மேட்டில் ஏறி அவர் பார்ப்பார். வெளிச்சம் தெரிந்தால் விசில் ஊதுவார். ஊதினால் நான் அணைக்க வேண்டும். முதல் ராத்திரி தண்ணீர்க் குடங்களோடு ஆட்கள் நிற்க, நான் கரட்டையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். விசில் வரவில்லை.

காலையில் கேட்டேன். "நெருப்பு தெரிஞ்சுதா சார்?"

வானத்தைப் பார்த்தார். "கல்லு நல்லா வெந்துதா அண்ணா?" என்று கேட்டுவிட்டு நடந்தார். தெரிந்தும் ஊதாமல் விட்டாரா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சண்டை முடிந்ததும் வார்டன்களுக்கு மாலை போட்டார்கள். போடட்டும், அவருக்குத் தகும். ஆனால் அந்த இருட்டில் பாதி என் தகரம் போட்ட இருட்டு. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.