பரளச்சிக்குக் கொண்டுபோன ஷாப்ளி

திருச்சுழியில் பஸ் நிற்கிறது. மதுவிலக்குச் சோதனைக்கு ஏறிய போலீஸ்காரர், என் பைக்குள் துண்டில் சுற்றி வைத்திருந்த பாட்டிலை வெளியே எடுக்கிறார்.

"என்னய்யா இது?"

"ஷாப்ளிங்க. பிரான்சுல ஷாப்ளிங்கிற ஊர்ல செய்யிற வெள்ளைத் திராட்சை ஒயின். அந்த ஊரு ஒரு காலத்துல கடலா இருந்துச்சாம். மண்ணுல இன்னமும் சிப்பி கிடக்கும். இதைச் சிப்பியோட, மீனோட குடிப்பாங்க."

"இந்தக் காட்டுல சிப்பிக்கு எங்கய்யா போறது?" என்று சிரிக்கிறார்.

நானும் பரளச்சிச் சின்னையாவும் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் பன்னிரண்டு வருஷம் சேர்ந்து சமைத்தவர்கள். இப்போது சின்னையா படுத்த படுக்கையாகிவிட்டார், சாப்பாட்டைத் தொடுவதே இல்லை என்று கடிதம் வந்தது. அவருக்காகத்தான் இது என்று சொல்கிறேன். போலீஸ்காரர் சிரிப்பை நிறுத்துகிறார்.

"கேஸு எழுதுனா நீங்க இன்னைக்கு ஊரு போய்ச் சேர மாட்டீக. நீங்களே கீழ ஊத்திருங்க. பாட்டிலை வச்சுக்கோங்க."

இறங்கி ஊற்றுகிறேன். கரிசல் மண் ஒரு நொடியில் குடித்துவிடுகிறது. தக்கையை இறுக்கி மூடிக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிறேன்.

பரளச்சியில் சின்னையா கண்ணை மூடியபடி கிடக்கிறார். வெறும் பாட்டிலைத் திறந்து மூக்கருகே பிடிக்கிறேன். நிதானமாக முகர்கிறார்.

"ஷாப்ளி," என்கிறார். பிறகு கண்ணைத் திறந்து மனைவியைக் கூப்பிடுகிறார்.

"ஏ புள்ள, கண்மாயில அயிரை மீனு கிடைக்குதான்னு பாரு. புளியைக் குறைச்சுப் போடு, இந்த ஒயினுக்குப் புளி ஆகாது."

அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்.