பிலோமினா கொட்ட மறுத்த பாட்டில்

ஞாயிறு காலை ஆதம்பாக்கத்திலிருந்து போன். "அம்மா போயிட்டாங்க டாக்டர். உங்களுக்கு முதல்ல சொல்லணும்னு தோணிச்சு" என்றாள் பிலோமினாவின் மகள். போனை வைத்ததும் உங்களுக்கெல்லாம் எழுத உட்கார்ந்தேன். எழுபதுகளில் அடையாறு பக்கம் ஆஸ்பத்திரியில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கும் அவரை நினைவிருக்கும். அவர் ஆய்வகத்தில் டெக்னீஷியன், நான் அறுவை சிகிச்சைப் பிரிவில் உதவி டாக்டர். ஏறக்குறைய ஒரே வயது. சண்டைக்குக் குறைவில்லை.

அவரை நினைத்தாலே அந்த ஒரு வாரம்தான் முன்னால் வந்து நிற்கிறது. குடல் ஆபரேஷன் ஆன அஞ்சலை என்ற மீன்காரம்மாவுக்கு ஜுரம் விடவேயில்லை. மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தோம். "இன்னா டாக்டரு, ஊசி மேல ஊசி போட்டுக்கினே கீறீங்க, சூடு எறங்கவே இல்லியே!" என்று வார்டு வாசலில் மறித்தார் அவள் கணவர்.

பிலோமினா படியேறி வந்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்க அஞ்சலையின் ரத்தம் விட்டு வைத்த கல்ச்சர் பாட்டிலில் பூஞ்சை வளர்ந்திருப்பதாகச் சொன்னார். அந்த நாளில் எங்கள் வழக்கம், அதைக் காற்றில் வந்த கலப்பு என்று எழுதிக் கொட்டிவிடுவது. "ரத்தம் எடுத்தவன் கை சுத்தமில்லை. கொட்டிடும்மா" என்றார் எங்கள் பிரிவின் தலைமை டாக்டரான சீஃப். எடுத்தவன் நான். எல்லோர் முன்னாலும் மானம் போன ஆத்திரத்தில் பிலோமினா மேல் எரிந்து விழுந்தேன்.

அவர் கொட்டவில்லை. தானே வந்து மறு கையில் ரத்தம் எடுத்துப் போனார். இரண்டு நாளில் அதிலும் அதே பூஞ்சை. "காத்துல வர்றது ரெண்டு தடவையும் இந்தம்மா பாட்டிலையே தேடி வந்து விழுமா? பக்கத்து பெட் பாட்டில் பளிச்சுனு இருக்கே!"

வளர்ந்ததில் துளி எடுத்து, ரத்தத்தின் தெளிநீரான சீரத்தில் கலந்து, உடல் சூட்டில் வைத்தார். முளை விட்டால் அது மனித உடம்பில் பிழைக்கிற ஜாதி, காற்றில் வந்ததல்ல. இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் அஞ்சலையின் பிரஷர் இறங்க ஆரம்பித்தது. நான் வார்டுக்கும் ஆய்வகத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். கடைசியில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது ஒவ்வொரு பூஞ்சை உருண்டையும் ஊறவைத்த பயறு போல முளை விட்டிருந்தது.

"குளுகோஸ் ஏத்தற குழாய் கணுக்கால்ல எத்தனை நாளா இருக்கு, டாக்டர்?"

"பதினோரு நாள்." சில நாளிலேயே மாற்றியிருக்க வேண்டிய குழாய்; பூஞ்சை ரத்தத்துக்குள் போன வழி அதுதான்.

சீஃபைக் கேட்காமல் குழாயைப் பிடுங்கினேன். பூஞ்சைக்கான மருந்தைத் தேடித் தி. நகர் வரை கடை கடையாக அலைந்து வாங்கி வந்தார் கணவர். அது கை நரம்பில் ஏறும்போது அஞ்சலை கட்டிலே ஆடும்படி நடுங்கினாள். கொன்றுவிட்டோமோ என்று பயந்தேன். நான்காம் நாள் ஜுரம் இறங்கியது. கஞ்சி கேட்டாள்.

"நீங்கதான் காப்பாத்தினீங்க" என்று பிலோமினாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முந்தைய வருடத்துக் கல்ச்சர் நோட்டை எடுத்து ஒரு வரியில் விரல் வைத்தார். 'பூஞ்சை. கலப்பு. கொட்டப்பட்டது.' அவர் கையெழுத்து.

"இந்தப் பொண்ணு செத்துப்போச்சு டாக்டர். நான் சொல்லி நீங்க கேக்காம இல்ல. நான் சொல்லவே இல்ல."

அந்தப் பெண்ணுக்கும் நான்தான் டாக்டர். அந்த வரியில் இருந்த பெயரைப் படித்தும் முகம் நினைவுக்கு வரவில்லை, வெட்கமாக இருந்தது. பிலோமினாதான் சொன்னார்: சிந்தாதிரிப்பேட்டைப் பெண், கல்யாணமாகி ஆறு மாதம், ரத்தம் எடுக்கப் போனால் கண்ணை இறுக மூடிக்கொள்ளுமாம்.

பிலோமினாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பெயர்தான். சரோஜா, வயது இருபத்திரண்டு. இத்தனை வருடம் அதை நாங்கள் இருவர் சுமந்தோம். இனி நான் ஒருவன்.