முருகன் பேரில் சொன்ன பொய்

நான் எட்டாவது வரைதான் படித்தவள். கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பேன், செவ்வாய்க்கிழமை விளக்கேற்றாமல் வாயில் தண்ணீர் வைக்க மாட்டேன். எங்கள் தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் சாமி காரியத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட நான் அந்த முருகன் பேரைச் சொல்லியே என் மகனிடம் ஒரு பொய் சொன்னேன். பொறாமையில் சொன்ன பொய் அது.

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டிக்கும் ஊத்துக்கோட்டைக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருக்கிறோம். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் என் கொழுந்தனார் குடும்பம். என் வீட்டுக்காரர் இரும்புக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். என் ஓரகத்தி தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனிக்கு வேன் ஏறிப் போகிறாள். எனக்கு ஒரே மகன், அவளுக்கு ஒரே மகள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு.

பிளஸ் டூ ஆரம்பித்த புதிதில் ஒருநாள் என் மகன் பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான். "யம்மா, ராணுவ அகாடமின்னு ஒண்ணு இருக்குதாம். பிளஸ் டூ படிக்கசொல்லவே பரீட்ச எழுதலாமாம். பாஸாயி இன்டர்வியூலயும் தேறிட்டா அவங்களே படிக்க வெச்சு ஆபீசராக்கிடுவாங்களாம். பி.டி. மாஸ்டர் சொன்னாரு."

ஆபீசர் என்ற வார்த்தை எங்கள் வீட்டுக்குள் அதுவரை வந்ததே இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். கும்பிட்டு முடிப்பதற்குள் வாசலில் குரல் கேட்டது. "பெரிம்மா, நானும் எழுதப்போறேன். இப்ப பொண்ணுங்களும் எழுதலாமாம்."

என் சந்தோஷம் அவ்வளவு நேரம்தான் இருந்தது.

அன்றிலிருந்து விடிந்ததும் இரண்டு பேரும் ஏரிக்கரையில் ஓடுவார்கள். மாஸ்டர் விசிலும் கையுமாக நிற்பார். நான் ஏரிக்கரைப் பக்கம் புல் அறுக்கப் போகிற சாக்கில் பார்ப்பேன். முதலில் என் மகன்தான் முன்னால் ஓடினான். ஐப்பசி மழை விட்டு மறுபடி ஓட ஆரம்பித்தபோது அவள் அவனுக்குச் சரியாக வந்துவிட்டாள். புல்லை அறுக்கிறேனா விரலை அறுக்கிறேனா என்றே எனக்குத் தெரியவில்லை.

மாலையில் எங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்து படிப்பார்கள், மேசை எங்களிடம்தான் இருந்தது. பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்ப்பார்கள். அவள் கணக்கை வாய்க்குள்ளேயே போட்டுவிட்டு, "டேய், தெரியாத கேள்விய உட்டுடு. தப்பா போட்டா இருக்கிற மார்க்கும் பூடும்" என்று இவனுக்குச் சொல்லிக்கொடுப்பாள். சுவரைப் பார்த்து நின்று இங்கிலீஷில் பேசிப் பழகுவாள். என் மகன் இங்கிலீஷ் பேசச்சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பான்.

நான் செய்த சின்னத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேருக்கும் சோறு போடும்போது என் மகன் தட்டில் முட்டையைச் சோற்றுக்கு அடியில் வைத்து மூடிவிடுவேன். அவள் தட்டில் வெறும் குழம்பு. அந்தப் பிள்ளை ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. ஒருமுறை என் மகன் சோற்றைக் கிளறி, "யம்மா, முட்டைய எதுக்கு ஒளிச்சு வெச்சிக்கீற?" என்று கேட்டுவிட்டு, பாதியைப் பிய்த்து அவள் தட்டில் வைத்தான். எனக்குத் தலை குனிந்தது. ஆனாலும் மறுநாளும் ஒளித்துத்தான் வைத்தேன்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்தது. அகாடமிப் பரீட்சைக்குப் பத்து நாள்கூட இல்லை. ஒரு காலையில் ஓரகத்தி கிண்ணத்தோடு வந்தாள்.

"அக்கா, நேத்து லீவு போட்டு திருத்தணிக்குப் போய்ட்டு வந்தோம். பொண்ணுக்குப் பூமுடி குடுத்தோம். இந்தா, பஞ்சாமிர்தம்."

பெண்பிள்ளைக்கு மொட்டை போடாமல் கொஞ்சம் முடி மட்டும் நறுக்கிக் கொடுப்பதைத்தான் பூமுடி என்போம். பஞ்சாமிர்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் மகள் படிப்பில் முந்தினாள், ஓட்டத்தில் சரிக்குச் சரி வந்தாள், பொறுத்துக்கொண்டேன். கிருத்திகை என்றைக்கு என்று என்னிடம் வந்து கேட்டுப்போகிற ஓரகத்தி, இப்போது முருகனிடமும் எனக்கு முன்னால் போய் நின்றுவிட்டாளே! அவள் கொடுத்தது ஒரு கைப்பிடி முடி என்றால் நான் முழுத்தலையும் கொடுக்கிறேன். அப்படித்தான் அன்றைக்கு என் புத்தி போனது.

ஆனால் மகனிடம் அதை எப்படிச் சொல்வது? மாட்டேன் என்பான். அவன் வாயை அடைக்க ஒரே வழிதான் இருந்தது.

"உனக்கு மூணு வயசுல ஜுரம் வந்து இழுத்துக்கிச்சு. அப்ப திருத்தணிக்கு மொட்ட போடறதா வேண்டிக்கினேன். இன்னும் குடுக்கல. சாமிக்கு பாக்கி வெச்சிக்கினு நீ எந்த பரீட்ச எழுதினா இன்னாடா வெளங்கும்?"

ஜுரம் வந்தது நிஜம். வேண்டுதல் பொய். எங்கள் பக்கத்தில் பாக்கி நிற்கிற வேண்டுதலை யாரும் தள்ளமாட்டார்கள். என் வீட்டுக்காரர்கூட, "இத ஏன்டி இத்தினி வருஷமா சொல்லல?" என்று கேட்டதோடு சரி.

அந்தப் பெண்தான் சொன்னாள். "பெரிம்மா, ஹால் டிக்கெட் போட்டோல அவனுக்கு முடி இருக்குது. மூஞ்சி மாறக்கூடாதுன்னு ரூல்ஸ்ல போட்டுக்கீது. பரீட்ச முடிஞ்சி போடலாமே."

நல்ல புத்திதான் சொன்னாள். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. "நீ மட்டும் குடுக்கலாம், எம்புள்ள குடுக்கக்கூடாதா? உன் வேலையப் பாரு" என்றேன். அவள் முகம் சுருங்கிப் போனது.

பஸ் மாறி மாறி திருத்தணிக்குப் போனோம். மொட்டை அடிக்கிறவர் என் மகன் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "தம்பி இன்னா படிக்கிற?" என்று கேட்டார். ராணுவ அகாடமிக்குப் பரீட்சை எழுதப்போகிறான் என்று நான் பெருமையாகச் சொன்னேன். "அங்க போனா அவங்களே வழிச்சி உடுவாங்களேம்மா. அதுக்குள்ள இன்னா அவசரம்?" என்று சிரித்தார். என் மகனும் சிரித்தான். சந்தனம் பூசிய தலையோடு அவன் சன்னதியில் நின்றபோது, 'முருகா, அவளைவிட நான் அதிகம் கொடுத்துவிட்டேன், பார்த்துக்கொள்' என்றுதான் கும்பிட்டேன்.

பரீட்சைக்கு இரண்டு பேரையும் கொழுந்தனார் ரயிலில் சென்னைக்குக் கூட்டிப்போனார். சாயங்காலம் திரும்பினார்கள். என் மகன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நேராக உள்ளே போய்ப் படுத்துவிட்டான். நடந்ததைக் கொழுந்தனார்தான் சொன்னார். "போட்டோவும் ஆளும் வேற மாதிரி இருக்குதுன்னு ஒக்கார உடல, அண்ணி. ஆதார் கார்டுலயும் முடியோடதான் இருக்கான். பெரிய ஆபீசர் வந்து பாத்து, லெட்டர் எழுதி வாங்கினு உடறதுக்குள்ள எல்லாரும் எழுத ஆரமிச்சிட்டாங்களாம்."

பதற்றத்தில் நேரத்தைப் பிடிக்கவேண்டும் என்று தெரியாத கேள்விக்கெல்லாம் எதையோ போட்டிருக்கிறான். விட்டுவிடு, விட்டுவிடு என்று அவள் எத்தனை நாள் சொல்லியிருப்பாள்!

ரிசல்ட் வந்தபோது வெறும் நம்பர்கள்தான் இருந்தன. என் மகனே போனில் தேடினான். அவள் நம்பர் இருந்தது. அவன் நம்பர் இல்லை. ஓரகத்தி அழுதுகொண்டே வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் கட்டையாக நின்றேன். என் மகன்தான் ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

இரண்டு நாள் கழித்து நான் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"யம்மா, செப்டம்பர்ல இன்னொரு தடவ எழுதலாம். உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"சின்ன வயசுல எனக்காக வேண்டிக்கினது வேற எதுனா பாக்கி கீதா? இருந்தா இப்பவே சொல்லிடு. ஃபாரம் போடறதுக்கு முன்னாடி எல்லாத்தயும் முடிச்சிடலாம்."

கிண்டலாகக் கேட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். நிஜமாகவே கேட்டான். முறத்தைக் கீழே வைத்தேன்.

"வேற எதுவும் இல்லடா. அதுவும் இல்ல."

"எது?"

"மொட்ட. நான் வேண்டிக்கவே இல்ல. அவ பூமுடி குடுத்தான்னு தெரிஞ்சதும் அதுக்கு மேல செய்யணும்னு தோணிச்சு. சும்மா சொன்னேன்."

முளைத்து வந்த முடியை அவன் கையால் தடவிக்கொண்டே இருந்தான். "அவளுக்கா பயந்த? எனக்குக் கணக்கே அவதாம்மா சொல்லிக்குடுத்தா" என்றான். எழுந்து போய்விட்டான்.

நாலு நாள் அவன் என் கையால் சாப்பிடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சித்தி வீட்டில்தான் சாப்பாடு. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ நைனா" என்று ஓரகத்தி சொல்வதும், இவன் ஏதோ சொல்லிச் சிரிப்பதும் எனக்குக் கேட்கும். அதுவரை பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தட்டை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் தானாக வந்து, "நாஷ்டா இன்னா?" என்றான். செப்டம்பர் பரீட்சைக்கு ஃபாரத்தை அவனே போய்ப் போட்டுவிட்டு வந்தான். போட்டோவில் அரை அங்குல முடி.

அவளுக்கு வடக்கே எங்கேயோ இன்டர்வியூ. ஐந்து நாள் நடக்குமாம். கிளம்புகிற அன்று குளித்துவிட்டு வந்து என் காலைத் தொட்டாள். "பெரிம்மா, துன்னூறு வெச்சி உடு." வீட்டுக்கு மூத்த மருமகள் நான்தான் வைக்கவேண்டும். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் மகன் பின்னால் நின்றான்.

அவள் நெற்றியில் திருநீறு வைத்தேன். "முருகா, இந்தப் புள்ளய பத்திரமா கூட்டினு போய்ட்டு வா" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை.

"முழுசா சொல்லும்மா" என்றான் என் மகன்.

அவனைப் பார்த்தேன். கோபம் இல்லை, கேலியும் இல்லை. காத்துக்கொண்டு நின்றான்.

"ஜெயிச்சிட்டு வரணும்" என்று சொன்னேன்.

வாய்தான் சொன்னது. மனசு அப்போது கூட வரவில்லை. முருகனிடம் ஒளிக்க முடியாது என்பதால் இங்கேயும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்தப் பிள்ளைக்கு மட்டும் நான் சொன்ன வார்த்தையே போதுமாக இருந்தது. சிரித்துக்கொண்டே ஷேர் ஆட்டோவில் ஏறினாள். என் மகன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.