தலையை மூடாமல் ஒரு நித்திரை

மனிதன் நித்திரை கொள்வதற்கென்று பாய் இருக்கிறது, கட்டில் இருக்கிறது, ஒன்றுமில்லாவிட்டால் கடைக்கு முன்னால் உள்ள சீமெந்துப் படி இருக்கிறது. விமானத்து ஆசனத்தில் நித்திரை கொள்ளலாம் என்று எந்த மடையன் கண்டுபிடித்தானோ தெரியாது. எண்பதுகளின் நடுவில் நானும் மனைவியும் ஹஜ்ஜுக்குப் போனோம். மக்காவைப் பற்றிப் பேச எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. விமானத்தில் அங்கே போன அந்த இரவைப் பற்றிச் சொல்லலாம். 

அப்போது எனக்கு இலங்கையின் கிழக்கில், கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடை இருந்தது. கடையை விட என் வாய்தான் ஊரில் பிரபலம். துணியை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களை நான் சும்மா விட்டதே கிடையாது. சாரன் துணி நெய்து விற்கக் கொண்டு வருகிற மருதமுனைக்காரர்கள் மூலையில் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். மனைவிக்கு இதில் பெரிய துக்கம். ஹஜ்ஜுக்குப் போக வேண்டும் என்று அவள் ஏழு வருடமாக அழுதுகொண்டிருந்தவள். புறப்படுகிற அன்று காலையில் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"இஞ்சருங்க. இஹ்ராம் கட்டினா சண்ட புடிக்கக் கூடா. குர்ஆன்லயே இரிக்கி. நீங்க ஆரோடயாவது வாயக் குடுத்தீங்கெண்டா இந்த ஹஜ்ஜு ரெண்டு பேருக்கும் ஹஜ்ஜே இல்ல. எனக்கு அப்பிடித்தான்."

அவளுடைய ஹஜ்ஜுக்கு என் வாயால் ஒன்றும் வராது என்று சட்டம் சொல்லலாம். அவள் சட்டம் பேசவில்லை. ஏழு வருட ஆசையை என் நாக்கில் தூக்கி வைத்துவிட்டுப் போனாள். நான் ஓம் என்றேன்.

எங்கள் குழுவில் நாற்பது பேர் அளவில் இருந்தோம். கூட்டிக்கொண்டு போனவர் ஒரு மௌலவி. இஹ்ராம் என்கிற ஹஜ் விரதத்துக்கு நிய்யத் வைத்து மனதில் உறுதி சொல்ல வேண்டிய எல்லை வழியில் ஆகாயத்தில் வருகிறது. அந்த நேரம் நீங்கள் எல்லாரும் கொறட்டை விட்டுக்கொண்டு கிடப்பீர்கள், நான் ஒவ்வொருவராக எழுப்பித் திரிய முடியாது என்று சொல்லி, கொழும்பிலேயே வெள்ளைத் துணி இரண்டையும் கட்ட வைத்து, நிய்யத்தும் வைக்க வைத்துவிட்டார். அந்த நிமிடத்திலிருந்து எல்லாச் சட்டமும் எங்கள் மேல் வந்து விழுந்தது. அத்தர் பூசக் கூடாது. மணக்கிற சவர்க்காரம் போடக் கூடாது. நகம் வெட்டக் கூடாது. சண்டை பிடிக்கக் கூடாது. ஆண்கள் தலையை மூடக் கூடாது. நித்திரையிலும் கூடாதா என்று யாரோ கேட்டார்கள். நித்திரையில் தெரியாமல் மூடினால் குற்றமில்லை, முழிப்பு வந்ததும் எடுத்துவிட வேண்டும், முழித்துக்கொண்டே மூடினால் ஆடு அறுத்துக் கொடுக்கிற பரிகாரம் இருக்கிறது என்றார்.

தைக்காத இரண்டு துணியோடு, அத்தர் இல்லாமல், சவர்க்காரம் இல்லாமல், வியர்வையோடு நாற்பது பேர் ஒரு விமானத்தில் ஏறினால் அந்த விமானம் என்ன மணம் மணக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. பின்பக்கத்தில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற பெடியன்கள் சிகரெட்டுக்கு மேல் சிகரெட்டாக ஊதினார்கள். அந்தப் புகையும் எங்கள் வியர்வையும் கலந்து முன்னுக்கு வந்தது. நான் மூக்கைத் தோளில் புதைத்தேன். என் தோளும் நாறியது.

மனைவி யன்னல் பக்கம். நான் நடுவில். எனக்கு அடுத்த பக்கம் சம்மாந்துறைக்காரன் ஒருத்தன். தனியாக வந்திருந்தான். என்னை விடப் பத்து வயது இளமை இருக்கும், அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிட்டான். வயலும் உழவு மிசினுமாகப் பிழைக்கிறவன். அவனுடைய கைகளைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. உள்ளங்கை வெடித்து, வெடிப்பெல்லாம் கறுத்து, நகத்துக்குள் வருடக்கணக்காகக் கிறீஸ் ஏறிக் கிடந்தது. இஹ்ராமில் நகம் வெட்டக் கூடாது, சரி, கட்டுவதற்கு முதல் வெட்டியிருக்கலாம்தானே. அந்தக் கையால்தான் கோழி இறைச்சியைப் பிய்த்துத் தின்றான், அந்தக் கையால்தான் என் பக்கம் இருந்த தண்ணீர்க் கோப்பையை எடுத்துத் தந்தான். நான் குடிக்கவில்லை. ஜஸாக்கல்லாஹ் என்று நன்றி சொல்லிவிட்டுக் கீழே வைத்தேன்.

முன்னால் இருந்த மனிதர் ஆசனத்தைப் பின்னுக்குச் சாய்த்தார். அவருடைய மொட்டைத் தலை என் மடியில் பாதி வந்துவிட்டது. கல்முனையில் என்றால் அந்தத் தலைக்கு நான் என்னென்ன சொல்லியிருப்பேன். நாக்கின் நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினேன். பக்கத்தில் மனைவியின் தஸ்பீஹ் மாலை மணி டக் டக் என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்குக் காவல் போட்ட பொலிஸ்காரன் மாதிரி.

பிறகு மலசலகூடத்துக்குப் போனேன். சீ, அதை ஏன் கேட்கிறீர்கள். எனக்கு முதல் போனவர்கள் எல்லாரும் தொழுகைக்கு அங்கே வுழூச் செய்திருக்கிறார்கள். முகம் கழுவுகிற அந்தச் சின்னக் கிண்ணத்துக்குள் காலைத் தூக்கி வைத்துக் கழுவியிருக்கிறார்கள். தரை முழுக்கத் தண்ணீர். அது முழுக்கத் தண்ணீர்தானா என்பதுதான் கேள்வி. நான் குனிந்த நேரத்தில் கீழ்த்துணியின் விளிம்பு அதில் பட்டு, ஒரு சாண் உயரத்துக்கு ஈரம் ஏறிவிட்டது. கழுவினேன். கழுவக் கழுவ ஈரம் முழங்கால் வரைக்கும் வந்தது. வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள். ஈரத்துணி தொடையில் ஒட்ட, ஆட்களின் முழங்கால்களில் உரசி உரசி என் இடத்துக்கு வந்தேன். என் உடம்பே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இடையில் ஒரு வளைகுடா நகரில் இறங்கி, பெடியன்களை இறக்கிவிட்டு, வெக்கைக்குள் இரண்டு மணித்தியாலம் நின்றோம். திரும்ப ஏறியதும் குளிரை அள்ளிக் கொட்டினார்கள். ஈரத்துணியோடு பல் கிடுகிடுத்தது. போர்வை தந்தார்கள். மோந்து பார்த்தேன். யாரோ ஒருவருடைய பழைய வாந்தியை மறைப்பதற்காக வாசனை அடித்த மாதிரி ஒரு மணம். வாசனை கூடாதே என்று மௌலவியை எழுப்பிக் கேட்டேன்.

"மோந்து பாக்காமப் போத்துங்க, ஹாஜியார்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபக்கம் திரும்பினார்.

எங்கள் ஊரில் நுளம்புக்கடிக்கு அஞ்சி எல்லாரும் தலை மூடிப் படுத்துப் பழகியவர்கள். சாரனை உச்சி வரைக்கும் இழுத்து, காலால் அடிப்பக்கத்தை மடக்கி, கபன் துணி சுற்றிய மையித்துப் பிணம் மாதிரிக் கிடந்தால்தான் எனக்கு நித்திரை வரும். சின்ன வயதுப் பழக்கம். முகத்தில் காற்றுப் பட்டால் கண் மூடாது. அன்றைக்குப் போர்வையை நெஞ்சு வரைக்கும் வைத்துக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் முறித்து, இன்னொரு பக்கம் முறித்து, முன்மொட்டையின் கொறட்டையை எண்ணிக்கொண்டு கிடந்தேன். எப்போது கண் அயர்ந்ததோ தெரியாது.

முகத்தில் ஏதோ ஊர்ந்து முழிப்பு வந்தது. பக்கத்துக்காரனின் கை. என் நெற்றியிலிருந்து இறங்கிப் போனது. நித்திரையில் கையை வீசுகிறான் என்று நினைத்தேன். திரும்பக் கண்ணயர்ந்தேன். திரும்ப அந்தக் கை. சொரசொரவென்று, டீசல் மணத்தோடு, கோழிக் குழம்பு மணத்தோடு, என் கன்னத்தில். பொறுத்தேன். அல்லாஹ்வுக்காகப் பொறுத்தேன், மனைவிக்காகப் பொறுத்தேன். மூன்றாம் முறை விரல் என் உதட்டில் பட்டது.

நான் முழித்திருந்தேன். இதை நன்றாகச் சொல்லிவிட வேண்டும். கண் இரண்டும் திறந்திருந்தது. மங்கல் வெளிச்சத்தில் அவன் முகம் தெரிந்தது. அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் நித்திரை இல்லை.

"சீ, ஊத்தக் கைய எடுடா, ஹயவான்" என்றேன்.

காக்கா, தல, என்று அவன் ஏதோ தொடங்கினான். நான் விடவில்லை. சிகரெட் புகைக்கு விழுங்கியது, மொட்டைத் தலைக்கு விழுங்கியது, மலசலகூடத்துக்கு விழுங்கியது எல்லாம் சேர்ந்து வந்தது. மாட்டோடு படுத்தெழும்பினவனெல்லாம் ஹஜ்ஜுக்கு வந்தால் இப்படித்தான் என்றேன். உம்மா வாப்பா கை கழுவப் பழக்கவில்லையா என்றேன். நாலு வரிசைக்காவது கேட்டிருக்கும்.  அவன் கையை எடுத்துத் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டான். நான் அந்த ஆத்திரத்திலேயே, என்ன செய்கிறேன் என்று தெரிந்துகொண்டே, போர்வையை உச்சி வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பினேன். எவனுடைய கையும் இனி முகத்தில் படாது. அவ்வளவு சுகமான நித்திரை அந்த மாதம் முழுக்க எனக்குக் கிடைக்கவில்லை.

விடியலில் மனைவி போர்வையை உரித்து எடுத்துத்தான் எழுப்பினாள். அவித்த முட்டை மணம் எங்கும். அவள் முகம் வீங்கியிருந்தது. என் காதுக்குள் சொன்னாள். இரவு என் சத்தத்தில்தான் அவள் முழித்திருக்கிறாள். நான் மூடிக்கொண்ட பிறகு அவனிடம் கேட்டிருக்கிறாள். நான் நித்திரையில் திரும்பத் திரும்பப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்திருக்கிறேன். நித்திரையில் மூடினால் குற்றமில்லை என்று கொழும்பில் சொன்னது அவனுக்கும் தெரியும். ஆனாலும் மனம் கேட்காமல், என் இஹ்ராமுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று, அவன் ஒவ்வொரு முறையும் மெல்ல எடுத்துவிட்டிருக்கிறான். அதற்காகவே நித்திரை கொள்ளாமல் இருந்திருக்கிறான். அவளும் பிறகு இழுத்துப் பார்த்தாளாம். நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேனாம்.

அவன் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் முட்டையை உரித்துக்கொண்டிருந்தான்.

ஜித்தாவில் இறங்கி மண்டபத்தில் காத்துக்கிடந்த நேரம் மௌலவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முழித்துக்கொண்டா மூடினீர்கள் என்று கேட்டார். ஓம் என்றேன். முழித்துக்கொண்டா ஏசினீர்கள் என்றார். அதற்கும் ஓம். அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"தலக்கி ஆடு இரிக்கி, அறுத்துக் குடுக்கலாம். வாய்க்கி ஆடு இல்ல. அந்த மனிசன்ட்ட போங்க."

போனேன். அவன் தூணோரமாகப் பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். மனைவி எனக்குப் பின்னால் வந்து நின்றாள். வாய் என்று ஒன்று எனக்கு இருப்பதே அந்த நேரம் மறந்துவிட்டது. இராத்திரி நான், என்று மட்டும் வந்தது. அவன் என் இரண்டு கையையும் அந்த வெடித்த கைகளுக்குள் பிடித்துக்கொண்டான்.

"அதுக்கென்ன காக்கா. நித்திரையில கதைச்சதுதானே."

என் கண் திறந்திருந்ததை அவன் ஒரு சாண் தூரத்திலிருந்து பார்த்தவன். நான் வெட்கப்படாமல் இருக்கத்தான் அப்படிச் சொன்னான். இல்லை, முழித்துக்கொண்டுதான் சொன்னேன், பொறுத்துக்கொள் என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். இஹ்ராம் துணியோடு நின்றுகொண்டு நான் சொன்னேன், ஓம், நித்திரையிலதான்.

ஆட்டைப் பிறகு கொடுத்துவிட்டேன். சம்மாந்துறைக்குக் கல்முனையிலிருந்து சைக்கிளில் முக்கால் மணித்தியாலம். ஒரு நாளும் போகவில்லை. அன்றைக்கு மண்டபத்தில் எங்கள் இடத்துக்குத் திரும்பி நடக்கும்போது, பக்கத்தில் வந்துகொண்டிருந்த மனைவி, என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"இருவது வருசமா உங்களோட இரிக்கன். நீங்க ஒரு நாளும் நித்திரையில கதைச்சதில்ல."