காசிம் பாய் ஏன் பந்தைப் போடவில்லை

பந்து தரையில் விழும் சத்தத்தை வைத்தே யார் ஆடுகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் பின்புறம், இரண்டாம் மாடி பால்கனிக்கு நேர் கீழே, மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்திய ஒரு கூடைப்பந்து மைதானம் இருந்தது. சாயங்காலம் சமையலறையில் அம்மாவுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது, நிதானமாக, கொஞ்சம் அதிகாரமாக, தொம் தொம் என்று விழுந்தால் அது என் அண்ணா மணி. அவசரமும் தயக்கமும் மாறிமாறி வந்தால் எதிர்வீட்டு வெங்கட்டு. யுத்தம் முடிந்திருந்த அந்தக் குளிர்காலத்தில், விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தை யாரும் இன்னும் முழுசாகச் சுரண்டி முடிக்காத நாட்களில், எனக்குப் பழக்கமில்லாத ஒரு சத்தம் கேட்டது. தரையை ஒட்டி, தாழ்வாக, வேகமாக, தகரக் கூரையில் முதல் மழை விழுகிற மாதிரி. துருவியதை அப்படியே விட்டுவிட்டு பால்கனிக்கு ஓடினேன்.

கீழே ஒல்லியாக, உயரம் என்று சொல்ல முடியாத ஒருவர், தலையை நிமிர்த்தியபடியே பந்தைத் தட்டிக்கொண்டு போனார். பந்தை அவர் பார்க்கவே இல்லை. அவர்தான் காசிம். எங்கள் டீமில் கூடைக்குள் அதிகமாகப் பந்து போடுகிறவனாக இருந்த ராமு ஆபீஸ் மாற்றலில் டில்லிக்குப் போய்விட்டதால், அந்த இடத்துக்கு அவரை அழைத்து வந்தவர் வைத்தி மாமா. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்த வைத்தி மாமாதான் எங்கள் டீமுக்கு "செக்கரட்டரி". ஆடியதே இல்லை, ஆனால் ஆட்டத்தைப் பற்றி அவரைவிட அதிகமாகப் பேசியவர் எவரும் கிடையாது. காசிம் நாக்பாடா பக்கத்து டீம் ஒன்றில் ஆடி, தனியாளாகவே ஆட்டங்களை ஜெயித்துக் கொடுத்தவர் என்று மாமா எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார். காசிமின் வாப்பா இறந்துபோன பிறகு குடும்பம் தாராவிக்கு வந்து, சித்தப்பாவான சாச்சாவின் தோல் பட்டறையோடு சேர்ந்துகொண்டதும், மாமா நேரே அங்கே போய்ப் பேசி அழைத்து வந்துவிட்டார். காசிமுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பட்டறை வேலை முடிந்ததும் ரயில் பாதைக்கு மேலே உள்ள பாலம் ஏறி இறங்கி நடந்தே வருவார்.

"இனிமே பாருங்கோ, நம்ம டீமுக்கு ஸ்கோர் எங்க போறதுன்னு" என்று வைத்தி மாமா மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தார்.

ஸ்கோர் எங்கும் போகவில்லை. முதல் ஆட்டத்தில் காசிம் பந்தைக் கூடைக்குள் போட்டதாகவே எனக்கு நினைவில்லை. இரண்டாவதில் ஏதோ கொஞ்சம். பந்து கைக்கு வந்ததும் ஒரு நொடி வைத்திருப்பார், பிறகு யாருக்காவது கொடுத்துவிடுவார். ரிங்குக்குக் கீழேயே போய் நின்றுகொண்டு, போட்டால் விழுந்துவிடும் என்று எனக்கே தோன்றுகிற இடத்திலிருந்துகூடத் திருப்பி வெளியே எறிவார். மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் "மாரோ, மாரோ", போடு போடு என்று கத்துவார்கள். அவர் காதில் விழுந்ததாகவே தெரியாது.

ராத்திரிச் சாப்பாட்டில் மணி அண்ணா முணுமுணுப்பான். அண்ணாதான் காப்டன். ராமு போன பிறகு பந்தெல்லாம் தன் கைக்கு வரும் என்று அவன் எண்ணியிருந்திருக்க வேண்டும்.

"என்ன ஆள்னே தெரியலை. என்கிட்ட ஒரு தடவை குடுத்தா வெங்கட்டுகிட்ட மூணு தடவை குடுக்கறான். வெங்கட்டு என்ன பெரிய ஆட்டக்காரனா?"

"ஜெயிக்கறேளோல்லியோ?" என்றார் ரயில்வே கணக்கு ஆபீஸில் வேலை பார்த்த அப்பா, மோர் சாதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதுதான் யாருக்கும் புரியாத விஷயம். ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். யார் ஜெயித்துக் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாத விதத்தில் ஜெயித்தார்கள். அது வைத்தி மாமாவுக்குக்கூடத் திருப்தியாக இல்லை. "ஆள் நல்ல ஆள்தான். ஆனா நம்ம டீமுக்கு ஒத்துக்கலையோன்னு தோண்றது" என்று அவர் சொல்ல ஆரம்பித்தார்.

பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு மைதானத்தில் இறங்கி நின்று பார்க்க அனுமதி இல்லை. அதனால் ஆட்டத்தை நான் மேலிருந்துதான் பார்த்தேன், அதை ஒரு குறையாகவே வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் கீழே நிற்பவர்களுக்குப் பந்தை வைத்திருப்பவனும் அவனை மறிப்பவனும்தான் கண்ணுக்குத் தெரிவார்கள். மாடியிலிருந்து பார்த்தால் பத்துத் தலைகளும், தலைகளுக்கு நடுவில் திறந்து மூடுகிற காலி இடங்களும் தெரியும். காசிம் என்னதான் செய்கிறார் என்று கண்டுபிடிக்கும் ஆசையில், நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்க்கத் தொடங்கினேன். அப்போதுதான் வெங்கட்டு தெரிந்தான். எங்கள் பக்கத்து மூலையில், துணி உலர்த்தும் கம்பத்துக்கு அருகில், அவன் எப்போதும் தனியாகவே நின்றுகொண்டிருந்தான். அந்த மூலையிலிருந்து இரண்டு கையாலும் அவன் எறிந்தால் பெரும்பாலும் உள்ளே போகும். காசிம் வரும்வரை இது அவனுக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அத்தனை நாள் அவனிடம் பந்தை யாரும் கொடுத்ததில்லை. புதிதாக வந்த காசிமுக்கு அது எப்படித் தெரிந்தது?

கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பயிற்சி முடிந்து ஒருநாள் மணி அண்ணாவோடு காசிமும் தண்ணீர் குடிக்க மாடிக்கு வந்தார். அம்மா அவருக்குக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். வீட்டு வெண்கலப் பாத்திரங்களோடு சேராமல் வெளியாட்களுக்கென்று தனியாக இருந்த டம்ளர் அது. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. மணி அண்ணா முகம் கழுவப் போன சமயம் பார்த்து நான் கேட்டேன்.

"காசிம் பாய், நீங்க ஏன் பந்தைப் போடறதே இல்லை?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். இந்த வீட்டிலிருந்து இப்படி ஒரு கேள்வி வரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

"போடக் கூடாதுன்னு இல்ல தங்கச்சி. உங்க மைதானத்துப் பலகை என் பேச்சைக் கேக்க மாட்டேங்கு. எங்க பழைய எடத்துல ரிங்குக்குப் பின்னால பலகை ஒரே கெட்டியா இருக்கும், அதுல அடிச்சு உள்ள தள்ளியே பழகிட்டேன். இங்க பலகைக்குப் பலகை சந்து. பந்து பட்ட எடத்துலயே செத்துப்போவுது."

"அதனாலயா?"

"அதும்தான். பெறவு, அந்த டீம்ல நான் போடலன்னா போட ஆளு கெடையாது. இங்கதான் ஆளு இருக்கே. அந்த மூலையில நிக்கான்லா ஒரு பையன், அவனுக்குப் பலகையே வேண்டாம்."

அவ்வளவுதான் சொன்னார். பெரிய ரகசியம் ஒன்றை எதிர்பார்த்திருந்த எனக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவர் ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் வேறு மாதிரியும் ஆடலாம், இரண்டும் அவரேதான் என்பது எனக்குப் புது விஷயம். வைத்தி மாமா நாக்பாடாவில் ஆடிய அதே காசிமைத் தாராவியிலிருந்து அழைத்து வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். வந்தவரோ எங்கள் மைதானத்தையும் எங்கள் ஆட்களையும் பார்த்து, இங்கே என்ன குறைகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

அந்தப் பருவத்தின் பெரிய ஆட்டம் வடாலா டீமோடு, எங்கள் மைதானத்திலேயே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்தே கூட்டம். பக்கத்துக் கட்டடத்து பால்கனிகளில்கூட மாமிகள் நின்றார்கள். "என்ன இழவு ஆட்டமோ" என்று சொல்லிக்கொண்டே அம்மாவும் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

வடாலாக்காரர்கள் சீக்கிரமே வெங்கட்டுவைக் கண்டுகொண்டார்கள். இரண்டாம் பாதியில் அவன்மேல் ஒரு ஆளை ஒட்டவைத்தது போல நிறுத்திவிட்டார்கள். ஆட்டம் ஏறி இறங்கி, முடிகிற நேரத்தில் எங்கள் டீம் ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தது. பந்து காசிமிடம். தாழ்வாகத் தட்டிக்கொண்டே நடுவில் புகுந்து ரிங்குக்குக் கீழே வந்துவிட்டார். இரண்டு பேர் அவர்மேல் பாய்ந்தார்கள். கூட்டம் முழுக்க "மாரோ" என்று ஒரே கூச்சல். அந்த இரைச்சலுக்குள் "அகேலா" என்று ஒரு குரல் எனக்குக் கேட்டது. தன்னை மறிக்க ஆள் இல்லை, பந்தைக் கொடு என்பதற்கு எங்கள் பையன்கள் சொல்லும் சொல் அது. இடது பக்கம் மணி அண்ணா தனியாக நின்றிருந்தான். அவனைச் சுற்றி ஒரு முற்றம் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. கத்தியது அவன்தான்.

காசிம் எம்பினார். எல்லோரும் போடப்போகிறார் என்றுதான் நினைத்தார்கள். பந்து பக்கவாட்டில் மணி அண்ணாவின் கைக்குப் போயிற்று. அவன் நிதானமாகவே போட்டான். பந்து ரிங்கின் விளிம்பில் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, வெளிப்பக்கமாக இறங்கியது. விசில் ஊதிவிட்டார்கள்.

தோற்ற டீம் எங்கள் கட்டடத்தின் கீழ்ப்படிகளில் வந்து உட்கார்ந்தது. நான் மேலே மாடிப்படித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வைத்தி மாமா ஜிப்பா நனைந்து, ஆடியவர்களைவிட அதிகமாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

"கையில பந்து இருக்கு. தலைக்கு மேல ரிங் இருக்கு. அங்க போய் தானம் பண்ணிண்டிருக்கான்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"பயந்துட்டான் மாமா" என்றது ஒரு குரல்.

இன்னொருவர், கட்டடத்துக்காரர், ஆட்டக்காரர்கூட இல்லை, மெதுவாகச் சொன்னார்: "நம்மாத்துப் பையனா இருந்தா போட்டிருப்பான்."

காசிம் குனிந்து காலணி நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்ந்த பிறகும் விரல்கள் அங்கேயே இருந்தன. வெங்கட்டு மணி அண்ணாவைப் பார்த்தான். நானும் மணி அண்ணாவைத்தான் பார்த்தேன். அந்த இரைச்சலில் "அகேலா" காசிமைத் தவிரக் கீழே யார் காதிலும் விழுந்திருக்காது. அவன் சும்மா இருந்திருந்தால் அந்த மாலையோடு காசிம் பாலம் ஏறிப் போயிருப்பார், திரும்பி வந்திருக்க மாட்டார். எத்தனையோ ராத்திரிகள் அவரைப் பற்றி முணுமுணுத்தவன் அவன். அவன் என்ன செய்யப்போகிறான் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"நான்தான் கேட்டேன் மாமா" என்றான்.

"என்னத்தை?"

"பந்தை. 'அகேலா'ன்னு கத்தினேன். அவன்மேல ரெண்டு பேர் இருந்தா. என்கிட்ட ஒருத்தரும் இல்லை. அவன் குடுத்தது சரி. மிஸ் பண்ணினது நான்."

"விழலையேடா. விழலைன்னா அது எப்படி சரியாகும்?"

"என் கையிலேர்ந்து விழலை. அதுக்காக அவன் குடுத்தது தப்பாயிடுமா?"

வைத்தி மாமா ஜிப்பாப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "சரி, புதன்கிழமை எல்லாரும் வந்துடுங்கோ" என்றார் கடைசியில். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போல, "நீயும்தான்பா" என்றார் காசிமிடம்.

காசிம் தலையசைத்தார்.

அண்ணா கேட்ட அந்தக் கேள்வியை நான் நெடுநாள் விடவில்லை. பந்து உள்ளே விழுந்திருந்தால் காசிமை எல்லோரும் தோளில் தூக்கியிருப்பார்கள். விழாததால் பயந்தாங்கொள்ளி ஆனார். அவர் செய்தது என்னவோ இரண்டிலும் ஒன்றுதான். ரிங் விளிம்பில் பந்து எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை வைத்து, அதற்கு முன்னாலேயே ஒருவர் எடுத்துவிட்ட முடிவை எப்படி மதிப்பிடுவது? அப்பாவிடம் கேட்டேன். "பரீட்சையில மார்க்கு வந்தாத்தான் படிச்சேன்னு ஒத்துப்பா" என்றார். அது பதில் அல்ல என்று தோன்றியது. ஆனால் ஏன் அல்ல என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் வடாலா டீமை ஜெயித்தோம் என்று எழுத ஆசைதான். இல்லை, முன்னைவிட மோசமாகத் தோற்றோம். ஆனால் காசிம் டீமுக்கு ஒத்துவருவாரா என்று அதற்குப் பிறகு யாரும் பேசி நான் கேட்டதில்லை. பலகையை மாற்றினார்கள், அவரும் நிறையப் போட ஆரம்பித்தார். மணி அண்ணாவும் அவரும் சண்டை போட்டுக்கொண்டே பல வருஷம் சேர்ந்து ஆடினார்கள். எங்கள் வீட்டில் அவருக்கென்று இருந்த கண்ணாடி டம்ளர் மட்டும் வெகுகாலம் மாறவே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது நான் செம்பூரில், திலக் நகரில், மகன் வீட்டில் இருக்கிறேன். பழைய கட்டடத்தை இடித்து உயரமாகக் கட்டிவிட்டார்கள். மைதானம் இருந்த இடத்தில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. வெங்கட்டு வெளிநாட்டில் காலமானான். மணி அண்ணா இறந்த வருஷத்தில் துக்கம் கேட்க வந்தவர்களில், கோவண்டியிலிருந்து பேரனைப் பிடித்துக்கொண்டு வெள்ளைத் தாடியோடு வந்த காசிம் பாயும் ஒருவர். மணி அண்ணாவின் படத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். பழைய ஆட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். அத்தனை வருஷம் கேட்காமல் விட்ட ஒன்றை அன்று கேட்டேன்.

"அன்னிக்கு வடாலாவோட, கடைசியிலே, நீங்களே போட்டிருந்தா விழுந்திருக்குமா காசிம் பாய்?"

அவர் யோசித்தார்.

"விழுந்திருக்கும்னுதான் நெனைக்கேன் தங்கச்சி."

"பின்னே ஏன் குடுத்தேள்?"

"தனியா நின்னான்லா" என்றார்.

அவரும் போய் வெகுநாள் ஆகிறது. அந்தக் கடைசி நிமிஷத்தைக் கண்ணால் பார்த்தவர்களில், எனக்குத் தெரிந்து இன்று மிச்சம் இருப்பவள் நான் ஒருத்திதான்.